ஆறு றக்கெட்டும் ஒரே நிறை

விமலேஸ்வரியின் கை திங்களன்று ஒரு கை, புதனன்று வேறொரு கை. திங்கள் மாலையில் அவள் அடித்த பந்து கோட்டின் ஓரத்தில் போய் அழகாக விழும். அதே அடியைப் புதன் மாலையில் அடித்தால் பந்து வலையில் முட்டிச் செத்துப் போகும். போர்நிறுத்தத்தில் வடக்குப் பாதை திறந்த அடுத்த வருடம், குளக்கட்டு உத்தியோகத்தர் கழகத்துக்குப் புது டென்னிஸ் றக்கெட்டுகள் வந்த நாளில் இருந்து இப்படித்தான். குறை தன் மணிக்கட்டில் இருக்கிறது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். கழகத்தில் மற்றவர்களும் அதே முடிவில்தான் இருந்தார்கள். அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தார்கள்.

"பெம்பிளையளின்ரை கை கறிக்கு உப்புப் போடுற மாதிரி," என்று செயலாளர் நடராசா ஒருநாள் திடலோரக் கதிரையில் இருந்தபடி விளக்கம் கொடுத்தார். "ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். அதுக்கு மருந்தில்லை."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். விமலேஸ்வரியும் கூடச் சிரித்தாள். பிறகு வீட்டுக்குப் போய்க் கிணற்றடியில் நின்று, நிறைந்த வாளியை மணிக்கட்டால் தூக்கித் தூக்கி இறக்கினாள். மற்றவர்கள் சிரித்த விடயத்தில் உண்மை இருக்கக்கூடும் என்று எண்ணுவது அவளுடைய பழக்கம்.

அவள் வவுனியாவில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். வயது இருபத்தெட்டு. அந்த வருடம் திருகோணமலையில் அரச உத்தியோகத்தருக்கான மாகாண விளையாட்டு விழா நடக்க இருந்தது. கழகத்தின் சார்பில் பெண்களில் ஒருவர் மட்டும் டென்னிசுக்குப் போகலாம். அந்த ஒருவர் தானாக இருக்கவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் படுக்கும்போதும் எழும்பும்போதும் அதே நினைவுதான். சொந்த ஊரான பரந்தனில் இருந்து தொடங்கி அவள் வாழ்க்கையில் போன தூரமெல்லாம் இடம்பெயர்ந்து போன தூரம். இன்ன இடத்துக்கு இவள் வரவேண்டும் என்று யாரும் அவள் பெயரை எழுதி அனுப்பியதில்லை.

கழகத்தில் றக்கெட்டுகள் ஆறு. ஒருவரும் சொந்தமாக வைத்திருக்கவில்லை, விலை அப்படி. ஆறும் ஒரே நீல நிறம், ஒரே எழுத்து, ஒரே பெட்டியில் வந்தவை. அவை இரும்பு அலுமாரியில் பூட்டி இருக்கும். திறப்பு நடராசாவின் காற்சட்டைப் பையில் இருக்கும். அவர் தொழிலால் கணக்காளர். கழகத்தின் செயலாளர் பதவி சுழற்சி முறையில் வருவது. அவரிடம் வந்ததும் சுழல மறந்துவிட்டது. பின்னேரம் அவர் வந்து அலுமாரியைத் திறந்து, பதவி மூப்பின்படி றக்கெட்டுகளைக் கொடுப்பார். முதலில் தனக்கு. கையில் எடுத்துப் பார்த்து எது பாரமோ அதைத் தனக்கு எடுத்துக்கொள்வார், பாரமானது தரமானது என்பது அவர் கொள்கை. பிறகு பொறியியலாளர், பிறகு கல்விக் கந்தோர்க்காரர், பிறகு மற்றவர்கள். எழுதுவினைஞர்களுக்கு மிஞ்சியது கிடைக்கும். மிஞ்சியது ஒவ்வொரு நாளும் வேறொன்று.

ஒரு பின்னேரம், ஆட்டத்தின் நடுவில், விமலேஸ்வரியின் றக்கெட்டில் ஒரு நரம்பு அறுந்தது. அதைக் கொடுத்துவிட்டு, வெளியே இருந்த ஒருவரிடம் இன்னொன்றை வாங்கி, விட்ட இடத்தில் தொடர்ந்தாள். அன்று முழுக்க நீளமாகப் போய்க்கொண்டிருந்த பந்து அடுத்த அடியிலேயே கோட்டுக்குள் விழுந்தது. திரும்ப அடித்தாள். திரும்பவும் கோட்டுக்குள். கை அதே கை, வெயில் அதே வெயில், பந்தும் அதே மயிர் உதிர்ந்த பழைய பந்து.

அவள் உடனே நம்பவில்லை. அடுத்த நாட்களில் நேரத்தோடு வந்து, அலுமாரி திறந்ததும் றக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி, ஒரு கதிரையின் முதுகு விளிம்பில் குறுக்கே வைத்துப் பார்த்தாள். ஒரு றக்கெட் எந்த இடத்தில் ஆடாமல் நின்றதோ, அந்த இடத்தில் மற்றது நிற்கவில்லை. தலைப்பக்கம் கவிழ்ந்து விழுந்தது. மூன்றாவது பிடிப்பக்கம் சாய்ந்தது. தான் வைத்தது பிழையோ என்று திரும்பத் திரும்ப வைத்தாள். கதிரை சரிவோ என்று கதிரையை மாற்றினாள். கடைசியில் சந்தேகப்பட ஒன்றும் மிஞ்சவில்லை. அவளுக்குச் சந்தோசம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. தண்ணீர் வாளியோடு எத்தனை பின்னேரம்.

றக்கெட்டுகளைக் கொழும்பில் இருந்து எடுத்துக் கொடுத்தவன் கடைத்தெரு றம்சீன். அவனுடைய வாப்பா முல்லைத்தீவில் கடை வைத்திருந்தவர். முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போய், அங்கிருந்து வவுனியாவுக்கு வந்து திரும்பக் கடை போட்ட குடும்பம். கடையில் விளையாட்டுச் சாமான் ஒரு பக்கம், தண்ணீர்க் குழாய் ஒரு பக்கம். நரம்பு கட்டிக்கொண்டிருந்த றம்சீன் அவள் கேட்டதற்கு முதலில் வியாபாரியாகப் பதில் சொன்னான்: மெசினில் செய்த சாமான், பிழை வராது. அவள் போகாமல் நின்றாள். அவன் கடைக்குள் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"அக்கா, கொழும்பிலை வாங்குற ஆக்கள் கையிலை தூக்கி, ஆட்டிப் பாத்து, நல்லதை எடுத்துப் போடுவினம். மதவாச்சி தாண்டி வடக்குக்கு வாறது அவை வேண்டாம் எண்டு வைச்சது. உங்கடை ஆக்கள் பெட்டியைத் திறந்து நிறத்தைத்தான் பாத்தவை. நான் என்ன செய்ய?"

அவனிடம் கோபப்பட அவளால் முடியவில்லை. அவனாவது உண்மையைக் கடைசியில் சொன்னான்.

கழகத்தின் மாதக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, றக்கெட்டுகள் ஒன்றைப் போல் ஒன்று இல்லை என்றாள். நிறை வேறு, அந்த நிறை இருக்கிற இடமும் வேறு. சிலது தலைப்பாரம், சிலது பிடிப்பாரம். தெரிவு ஆட்டத்துக்கு முன் இதைப் பார்க்கவேண்டும். இரண்டு விடயத்தைத்தான் சொன்னாள். தராசில் வைக்கக்கூடியது எதுவோ அதுமட்டும் நடராசாவின் காதில் ஏறியது.

கல்விக் கந்தோரின் ஆசிரிய ஆலோசகர் ஞானேஸ்வரி இரண்டாம் வரிசையில் இருந்தாள். திருகோணமலைக்குப் போகும் அந்த ஒற்றை இடத்துக்கு அவளும் நிற்கிறாள். நாற்பது வயது, நல்ல கால், அதைவிட நல்ல வாய்.

"தங்கச்சி, தோக்க முதலே காரணம் தேடுறது கெட்டித்தனம்," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

விசாரிக்க ஓர் உபகுழு அமைக்கப்பட்டது. உபகுழுவில் நடராசாவும் தபாலதிபர் மரியநேசனும். மரியநேசன் ஏன் என்றால், தராசு அவருடைய கந்தோரில் இருந்தது. ஒரு சனிக்கிழமை ஆறு றக்கெட்டுகளும் உரப்பையில் போட்டுத் தபால் கந்தோருக்குப் போயின. முறைப்பாட்டாளர் என்ற வகையில் விமலேஸ்வரியும் போனாள். பார்சல் நிறுக்கிற தராசில் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். ஆறும் ஆறு நிறை. நடராசாவின் முகம், கணக்கில் பிழை பிடித்த நாளில் போல ஒளி பெற்றது.

"அப்ப முரண்பாடு இருக்குது," என்றார்.

முரண்பாடு என்ற சொல்லை உச்சரித்த கணத்திலேயே அவருக்குத் தீர்வும் வந்துவிட்டது. சம்பள முரண்பாட்டை நீக்குவதில் அவர் முப்பது வருட அனுபவம் உள்ளவர். கூடச் சம்பளம் எடுக்கிறவனிடம் இருந்து ஒரு சதமும் குறைக்க முடியாது. குறைய எடுக்கிறவனைத்தான் உயர்த்தவேண்டும். இங்கேயும் அப்படித்தான். எல்லாவற்றிலும் பாரமான றக்கெட் எதுவோ அதுவே அளவு. மற்ற ஐந்தையும் அந்த அளவுக்குக் கொண்டுவரவேண்டும்.

"எப்பிடிச் சேர்?" என்றாள் விமலேஸ்வரி.

"பிடி உள்ளுக்குக் கோறைதானே. மண் போடுறது."

மரியநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து வளர்ந்தவர். தகப்பன், தமையன் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். வலையை அணியத்தில் ஏற்றினால் தோணி என்ன செய்யும், பின்னுக்கு ஏற்றினால் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. "பாரம் எங்கை கிடக்குது எண்டதும் ஒரு கதைதான்..." என்று அவர் வாய்க்குள் தொடங்கினார். நடராசா அவரைப் பார்த்தார். மரியநேசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உபகுழுவின் அறிக்கையில் எங்கே கையெழுத்து என்று கேட்டார்.

விமலேஸ்வரிக்கு அந்த இடத்தில் நடராசாவை விட மரியநேசன்மேல்தான் அருவருப்பு வந்தது. ஒருவருக்கு ஒன்றும் தெரியாது. மற்றவருக்குத் தெரியும்.

ஆற்று மணலை அரித்து, வெயிலில் காயவைத்து, றம்சீனைக் கூப்பிட்டுப் பிடியின் அடிமூடிகளைக் கழற்றச் செய்தார்கள். கடதாசியைச் சுருட்டிப் புனலாக்கி மணல் வார்த்தார்கள். பஞ்சு அடைத்து, மெழுகுதிரி உருக்கி மூடினார்கள். திரும்பத் தராசில் ஏற்றி, கூடினால் கொட்டி, குறைந்தால் வார்த்து, முள் ஆறுக்கும் ஒரே இடத்தில் நிற்கும் வரை நடராசா விடவில்லை. இவ்வளவு கவனமாக அந்த மனிதர் ஒரு பந்தை அடித்து அவள் பார்த்ததில்லை. கடைசியில் ஒவ்வொரு பிடியிலும் ஒரு சிறு கடதாசி ஒட்டப்பட்டது: சமநிறைப்படுத்தப்பட்டது. கீழே கழகத்தின் வட்ட முத்திரை, அதற்கும் கீழே செயலாளரின் கையெழுத்து.

அடுத்த பின்னேரம் விமலேஸ்வரி ஆறையும் அடித்துப் பார்த்தாள். முன்பு ஆறுவிதமாக இருந்தவை இப்போதும் ஆறுவிதமாகவே இருந்தன. கெடுதி இன்னும் கூடியிருந்தது. மணல் தேவைப்படாத பாரமானது முன்போலவே தலைப்பாரமாக இருந்தது. மணல் குறையப் போன ஒன்று மட்டும் தப்பிப் பிழைத்து, கைக்குப் பணிவாக இருந்தது. முன்பு எல்லாவற்றிலும் இலேசாக இருந்தது இப்போது உலக்கையைத் தலைகீழாகப் பிடித்தது போல் இருந்தது. பாரமெல்லாம் உள்ளங்கையில், தலைப்பக்கம் வெறும் காற்று. பந்து வந்து முட்டினால் றக்கெட்தான் பின்னால் போனது.

அவள் நடராசாவிடம் போனாள். ஒன்றை விரல்மேல் குறுக்கே வைத்துக் காட்டினாள். அது பிடிப்பக்கம் தொங்கி விழுந்தது. அவர் சுற்றுத்துணி கட்டிய முழங்கையோடு குனிந்து றக்கெட்டை எடுத்து, கடதாசி கிழியவில்லையா என்று பார்த்தார்.

"பிள்ளை, நீர் நிறை வித்தியாசம் எண்டு முறைப்பாடு குடுத்தீர். அதுக்குத் தீர்வு குடுத்தாச்சு. தபால் கந்தோர்த் தராசு பொய் சொல்லாது."

"நிறை சரி சேர். அது கிடக்கிற இடம்..."

"அது புது முறைப்பாடு. எழுத்திலை தாரும். தெரிவு ஆட்டம் முடிய எடுப்பம்."

தெரிவு ஆட்டத்தன்று றக்கெட்டுகளுக்குச் சீட்டுப் போட்டார்கள். இனிப் பதவி மூப்பு தேவையில்லை, எல்லாம் சமன் என்று நடராசா பெருமையோடு அறிவித்தார். பிஸ்கட் பேணிக்குள் கைவிட்டு ஞானேஸ்வரி எடுத்த சீட்டுக்கு மணல் குறைந்த அந்த ஒன்று வந்தது. விமலேஸ்வரிக்கு உலக்கை.

அவள் தன்னால் இயன்றதைச் செய்தாள். பிடியை விட்டு மேலே, கழுத்துக்குக் கிட்டப் பிடித்து அடித்தாள். மணல் அடைத்த பிடி முழங்கைக்குக் கீழே தொங்கியது. யாரோ, குசினியில் அகப்பை பிடிக்கிறா என்றார்கள். அப்படிப் பிடித்ததில் சில பந்துகள் ஏறின. ஆனால் கை எட்டுகிற தூரம் குறைந்துபோயிற்று. ஞானேஸ்வரி அதைக் கண்டுகொண்டாள். புற்றுமண் தரையில் ஒரு பந்தை இந்தக் கரைக்கும் மறு பந்தை அந்தக் கரைக்கும் போட்டு ஓடவிட்டாள். வேலை தெரிந்தவள் செய்கிற வேலை அது. அரை மணித்தியாலம் கடந்து கொஞ்சத்தில் எல்லாம் முடிந்தது.

வலைக்கு மேலால் கைகொடுக்கும்போது ஞானேஸ்வரி மூச்சு வாங்கச் சொன்னாள்: "றக்கெட்டிலை பிழை பிடிக்கிற நேரத்துக்கு ஓடிப் பழகியிருக்கலாம், தங்கச்சி."

நடராசா கூட்டத்துக்கு இரண்டு வார்த்தை பேசினார். சம வாய்ப்புக் கொடுக்கப்பட்டால் திறமை தானாக வெளியே தெரியும் என்பதற்கு இன்றைய ஆட்டமே சாட்சி என்றார். கைதட்டினார்கள். மரியநேசனும் தட்டினார்.

விமலேஸ்வரி வீட்டுக்குப் போய் அழவில்லை. யோசித்தாள். சரியான றக்கெட் இருந்திருந்தால் வென்றிருப்பேனா? ஞானேஸ்வரியின் கால் நல்ல கால். ஒருவேளை அப்போதும் தோற்றிருக்கலாம். அதை இனி அறிய வழியில்லை என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. தோல்வியைக்கூட முழுதாகத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ள விடாமல் செய்துவிட்டார்கள்.

குழு ஞாயிறன்று திருகோணமலைக்குப் புறப்பட இருந்தது. ஆண்கள் பிரிவில் நடராசாவும் போகிறார். செயலாளர் என்பதால் அவருக்குத் தெரிவு ஆட்டம் கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானம், கந்தோரில் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், விமலேஸ்வரியின் மேசைக்கு முன்னால் ஒரு உரப்பை வந்து நின்றது. அதைப் பிடித்திருந்தவர் நடராசா. வலது முழங்கையில் அதே சுற்றுத்துணி. போன கிழமை அதைப் பற்றிக் கேட்டவர்களுக்குக் கதவில் இடித்தது என்று சொல்லியிருந்தார்.

அவர் கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார். அவள் கந்தோரின் மின்விசிறியைப் பாராட்டினார். பிறகு உரப்பையின் வாயைத் திறந்தார்.

"பிள்ளை, உமக்கு இதிலை ஒரு கை இருக்குது," என்றார் தாழ்ந்த குரலில். "இந்த ஆறிலை எது நல்லது?"

அவள் உரப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். ஆறுக்கும் அவருடைய கையெழுத்து இருந்தது, முத்திரையோடு.

"இந்தப் பாரமானதாலை அடிச்சடிச்சு கை விட்டுப்போச்சு," என்றார். "இரவிலை படுக்கேலாமல் கிடக்குது. வீட்டிலையும் சொல்லேல்லை."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் நினைத்தது பிழை. அவருடைய முழங்கைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்த முழங்கையைத் துணியால் சுற்றி மறைத்துக்கொண்டுதான் அன்று தராசு பொய் சொல்லாது என்றார். இவ்வளவு நாளும் இவருடைய பேச்சை ஒரு பேச்சாக எடுத்துத் தன் மணிக்கட்டைச் சந்தேகித்ததை நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

றக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மேசையில் கிடந்த மர அடிமட்டத்தை நிமிர்த்திப் பிடித்து, அதன் விளிம்பில் குறுக்கே வைத்தாள். அவர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுப் பார்த்தார். பரிசோதனைச் சாலையில் இரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவரைப் போல இருந்தார். அவள் நிதானமாகப் பார்த்து முடித்து, நல்லதில் இருந்து கெட்டதுக்கு வரிசையாகக் கோப்புகளின் மேல் அடுக்கினாள். அவருடைய கை முதலாவதை நோக்கி நீண்டது. அவள் அந்த றக்கெட்டின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"இது ஞானேஸ்வரி அக்காவுக்கு."

"நான் எனக்கெல்லோ கேட்டனான்."

"விளங்கினது சேர். அவா வெண்டவா. வெண்டது இதாலை. இதோடைதான் அவா போகவேணும்."

அவர் முகம் செயலாளர் முகமாக மாறப் பார்த்தது. றக்கெட்டுகள் கழகத்தின் சொத்து, கொடுப்பது யாருக்கு என்பது தன் பொறுப்பு என்று தொடங்கினார். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற முதல் எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டு எடுங்கோ. ஆறிலையும் இதுதான் திறம், அதாலை இதை நான் எடுக்கிறன் எண்டு. நானும் வந்து நிக்கிறன்."

நடராசா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு மற்ற ஐந்தையும் பார்த்தார்.

"சரி. இதுகளுக்கை எது பரவாயில்லை?"

உலக்கையைக் காட்டியிருக்கலாம். காட்டினால் அவர் நம்பி எடுத்துக்கொண்டு போயிருப்பார். ஆனால் ஒருவரை ஏமாற்றுவதென்றால் அவரைப் பற்றிக் கொஞ்சமாவது யோசிக்கவேண்டும், திருகோணமலையில் அவர் பந்து எங்கே விழும் என்று இங்கே இருந்து நினைத்துப் பார்க்கவேண்டும். அந்த வேலைக்கு அவளுக்கு மனம் வரவில்லை. வரிசையில் இரண்டாவதைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் மற்ற நாலையும் உரப்பைக்குள் போட்டார். இரண்டாவதை மட்டும் தனியாக, பிடியில் இருந்த கடதாசி தெரியாதபடி கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார். இது வெளியே போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவள் முதலாவதைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

சாப்பிட்டுவிட்டு வந்த சக எழுதுவினைஞர் நாகேஸ்வரி, படியில் நடராசா சேரைக் கண்டதாகவும், அவர் இந்தக் கந்தோருக்கு ஒருநாளும் வராதவர் என்றும் சொல்லி, என்ன அலுவலாம் என்று கேட்டாள்.

"கை நோகுதாம்," என்றாள் விமலேஸ்வரி. ஞானேஸ்வரியின் றக்கெட்டைச் சுற்ற ஒரு பழைய பத்திரிகையைத் தேடத் தொடங்கினாள்.